வெள்ளை லெகார்ன் கோழி: முட்டைக் கணக்கோடு தீவனக் கணக்கும் வேண்டும்

நாமக்கல், சேலம் மாவட்டச் சமவெளிப் பகுதிகளில் முட்டைக்கோழி என்றால் அது வெள்ளை லெகார்ன் கோழிதான். மானாவாரிச் சோளமும் நிலக்கடலையும் விளைந்த மேட்டு நிலங்களில் இன்று நீண்ட கோழிக் கொட்டகைகள் நிற்கின்றன. அங்கிருந்து லாரிகளில் ஏற்றிச் செல்லப்படும் வெண்ணிற முட்டைகள் இந்த இனத்தின் வழிவந்த கோழிகள் இட்டவையாகும்.

ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழி என்று கேள்விப்பட்டு, ஐம்பதோ நூறோ வாங்கி வளர்த்தால் வீட்டுச் செலவுக்காவது ஆகும் என்று சிறு விவசாயிகள் பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் தவறன்று. ஆனால் இக்கோழி முட்டையைச் சும்மா தருவதில்லை. ஒவ்வொரு முட்டைக்கும் தீவனம், சுண்ணாம்புச் சத்து, தண்ணீர், வெளிச்சம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் தருகிறது. இந்தக் கணக்கை அறிந்து வளர்ப்பவருக்கு இது நல்ல துணைத்தொழில். அறியாமல் தொடங்குபவருக்குப் போட்ட முதலே திரும்பாமல் போகக்கூடும்.

இனத்தின் வரலாறு

இக்கோழியின் தாயகம் இத்தாலி நாடு. அங்குள்ள லிவோர்னோ என்னும் துறைமுகத்தை ஆங்கிலேயர் 'லெகார்ன்' என்று அழைத்தனர். அத்துறைமுகத்தின் பெயரே கோழிக்கும் நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குச் சென்ற இந்த இனம், அங்கு முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. இந்தியாவுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ மிஷன் பண்ணைகள் வழியாகவும், பின்னர் அரசுப் பண்ணைகள் வழியாகவும் வந்தது.

நாமக்கல் பகுதியில் முட்டைக்கோழித் தொழில் வேரூன்றிய பிறகு, 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றி முட்டைக்குப் பண்ணை விலையை அறிவிக்கத் தொடங்கியது. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1989 முதல் பள்ளிச் சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டது. சந்தை, மருத்துவ வசதி, ஆலோசனை ஆகிய மூன்றும் அருகிலேயே கிடைப்பது இப்பகுதி விவசாயிகளுக்கு உள்ள வாய்ப்பாகும்.

முட்டை அதிகம் இடுவது ஏன்?

வெள்ளை லெகார்ன் சிறிய உடல் கொண்டது. பெட்டைக்கோழி ஒன்றரை கிலோவை ஒட்டிய எடையே இருக்கும். சிவந்த ஒற்றைக் கொண்டை, வெண்மையான காது மடல், மஞ்சள் கால்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். உடல் சிறியதாக இருப்பதால் உடலைப் பேணச் செலவாகும் தீவனம் குறைவு. மிச்சப்படும் சத்து முட்டைக்குச் செல்கிறது. பெரிய கொண்டையும் இலேசான உடலும் உடல் வெப்பத்தை வெளியேற்ற உதவுவதால் நம் சமவெளி வெயிலுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

இரண்டாவது காரணம், இது அடைக்கு உட்காருவதில்லை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடை காத்து, குஞ்சு பொரித்து, அவற்றை வளர்த்து ஆளாக்கிய பிறகே மீண்டும் முட்டைக்கு வரும். இவ்வாறு ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டையோடு அது நின்றுவிடுகிறது. லெகார்ன் கோழிக்கு இந்த இடைவெளி இல்லை. 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, ஏறத்தாழ நாளுக்கு ஒன்றாக ஓராண்டுக்கும் மேல் இட்டுக்கொண்டே இருக்கும். 55 கிராம் எடையுள்ள 300 முட்டை என்றால் 16 கிலோவுக்கு மேல் ஆகிறது. தன் உடல் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஒரு கோழி ஓராண்டில் முட்டையாகக் கொடுக்கிறது.

தூய இனமும் வீரிய ஒட்டும்

பண்ணைகளில் இன்று காணப்படும் கோழிகள் வெள்ளை லெகார்ன் இனத்தைச் சேர்ந்தவைதாம் என்றாலும், அவை ஒரே கிளையின் தூய வாரிசுகள் அல்ல. வெள்ளை லெகார்ன் இனத்துக்குள்ளேயே பல கிளைகள் உண்டு. ஒரு கிளை முட்டை எண்ணிக்கையில் சிறந்திருக்கும். மற்றொன்று முட்டை எடையில் சிறந்திருக்கும். இத்தகைய கிளைகளைத் தனித்தனியே தூய்மையாகக் காத்து, பின்னர் ஒன்றோடொன்று சேர்த்துப் பெறுபவையே பண்ணைக் கோழிகள்.

கேரள மாநிலம் மண்ணுத்தியில் உருவான 'அதுல்யா', உத்தரப் பிரதேசம் இசத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தின் 'காரி பிரியா' ஆகியவை அரசு ஆராய்ச்சி நிலையங்கள் தந்த வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள். நாமக்கல் பண்ணைகளில் பெருவாரியாக வளர்க்கப்படும் 'பி.வி. 300' தனியார் நிறுவனம் வெளியிட்டதாகும்.

வீரிய ஒட்டுக் கம்பு பயிரிட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒட்டு விதை முதல் போகத்தில் நல்ல மகசூல் தரும். அந்தக் கதிரிலிருந்தே விதை எடுத்து மறுபோகம் விதைத்தால் பயிர் ஒரே சீராக இராது, மகசூலும் குறையும். பண்ணை லெகார்ன் கோழியோடு சேவலைச் சேர்த்து, அந்த முட்டையைப் பொரித்தெடுத்தாலும் இதே நிலைதான். குஞ்சு வரும். தாய் இட்ட அளவு முட்டையை அந்தக் குஞ்சு வளர்ந்து இடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் நம்பகமான குஞ்சு பொரிப்பகத்திலிருந்தே குஞ்சுகள் வாங்க வேண்டும். இந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நலம்.

வாங்கும்போது ஏமாற வேண்டாம்

கடையில் வாங்கும் பண்ணை முட்டையை நாட்டுக்கோழியிடம் அடை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பண்ணைகளில் சேவல் விடுவதில்லையாதலால் அந்த முட்டைகளில் கரு இராது. 21 நாள் காத்திருந்தும் பொரியாது.

கூடையில் சாயம் பூசிய குஞ்சுகளை ஊர் ஊராக விற்று வருவதைக் காணலாம். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பெட்டைக் குஞ்சுகளைப் பிரித்தெடுத்த பின் ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகளே பெரும்பாலும் இவ்வாறு விற்பனைக்கு வருகின்றன. இவை முட்டையிடா என்பது ஒருபுறம். லெகார்ன் சேவல் எலும்பும் தோலுமாக வளரும் இயல்புடையது என்பதால் கறிக்கும் தீவனச் செலவு கட்டாது.

பண்ணையில் கழித்த கோழிகளை 'முட்டையிடும் கோழி' என்று சந்தையில் விற்பதும் உண்டு. 72 முதல் 80 வாரம் அல்லது அதற்கும் மேல் வயதாகி, முட்டையிட்டு முடித்த கோழிகள் இவை. விலை மலிவு என்று வாங்கினால், தின்னும் தீவனத்துக்கு முட்டை கிடைக்காது. குஞ்சாக வாங்குவோர் பெட்டைக் குஞ்சு என்பதையும், முதல் நாள் போட வேண்டிய மேரக்ஸ் தடுப்பூசி போடப்பட்டதா என்பதையும் கேட்டு, ரசீதுடன் வாங்க வேண்டும்.

ஒரு முட்டைக்கு எவ்வளவு தீவனம்?

முட்டையிடும் லெகார்ன் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் உண்ணும். ஆண்டுக்கு இது 40 கிலோ. 300 முட்டை கிடைத்தால் ஒரு முட்டைக்கு 134 கிராம் தீவனம் ஆகிறது. 240 முட்டைதான் கிடைக்கிறது என்றால் 167 கிராம். குறைவாக முட்டையிடும் கோழியும் ஏறத்தாழ அதே அளவு தின்கிறது என்பதை மறக்கக்கூடாது. முட்டைக்கோழிப் பண்ணையின் மொத்தச் செலவில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் தீவனச் செலவே ஆகும்.

விலைவாசி நாளுக்கு நாள் மாறும். ஆகையால் ரூபாயில் கணக்கிடாமல் முட்டையில் கணக்கிடுவது எளிது. ஒரு கிலோ தீவனத்தின் விலை எத்தனை முட்டையின் விலைக்குச் சமம் என்று முதலில் பார்க்க வேண்டும். உதாரணமாக, பண்ணை விலையில் 6 முட்டைக்குச் சமம் என்று கொள்வோம். நூறு கோழிகள் நாளுக்கு 11 கிலோ தீவனம் தின்னும். எனவே நாளுக்கு 66 முட்டை தீவனத்துக்கே போய்விடும். 85 முட்டை கிடைத்தால் மிச்சம் 19. 75 கிடைத்தால் மிச்சம் 9. 60 மட்டுமே கிடைத்தால் கையிலிருந்து 6 முட்டையின் விலையைப் போட வேண்டியிருக்கும்.

இதோடு முடிவதில்லை. குஞ்சு முட்டைப் பருவத்துக்கு வருமுன் 6 முதல் 7 கிலோ தீவனம் தின்றிருக்கும். ஆறரை கிலோ என்று வைத்துக்கொண்டால் அது 39 முட்டையின் விலை. ஆண்டு முழுவதும் சராசரி 80 சதவீதம் முட்டை கிடைத்தால், தீவனம் போக ஒரு கோழிக்கு ஆண்டில் மிஞ்சுவது 51 முட்டை. அதில் வளர்ப்புத் தீவனத்துக்கு 39 போனால் நிற்பது 12 முட்டை. குஞ்சு விலை, மருந்து, மின்சாரம், கோழி இழப்பு, ஆள்கூலி எல்லாம் இந்த 12 முட்டையிலும், கடைசியில் கோழியைக் கழித்து விற்கும் விலையிலும் அடங்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணையாளர், தீவனத்தைத் தாமே அரைத்துக் கலந்து செலவைக் குறைக்கிறார். மூட்டைத் தீவனம் வாங்கி, முட்டையை வியாபாரியிடம் மொத்த விலைக்குப் போடும் சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. அவர் லாபம் பார்க்க ஒரே வழி, முட்டையை நேரடியாக விற்பதுதான். டீக்கடை, சாப்பாட்டுக் கடை, அக்கம்பக்கத்து வீடுகள் என்று நேரே விற்று, ஒரு கிலோ தீவனத்துக்கு 6 முட்டை என்பதை 5 முட்டையாகக் குறைக்க முடிந்தால், அதே 80 சதவீத உற்பத்தியில் ஒரு கோழிக்கு 12க்குப் பதில் 58 முட்டை மிஞ்சும். விற்பனைக்கு வழி செய்துகொண்ட பிறகே கொட்டகைக்கு அடித்தளம் போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே செலவாகிறது. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குக் குறையாத கால்சியம் உள்ளது. உண்ணும் கால்சியத்தில் பாதியளவே ஓட்டுக்குப் போய்ச் சேரும். ஆகவே நாளுக்கு 4 கிராம் கால்சியம் தீவனத்தில் இருக்க வேண்டும். வெறும் தானியமும் தவிடும் 110 கிராம் போட்டால் அதில் கால் கிராம் கால்சியம்கூட இராது.

தீவனத்தில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும். சில நாட்களில் ஓடு மெலியும், தோல் முட்டை விழும். பிறகு கோழி கால் ஊன்ற முடியாமல் படுத்துவிடும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும். கிளிஞ்சல் துண்டு அல்லது சுண்ணாம்புக்கல் குருணையை மாலையில் தனியாக வைப்பது மிகவும் நல்லது. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால் அந்நேரம் இரைப்பையில் சுண்ணாம்பு இருப்பது பயன் தரும். வளரும் குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் போடக்கூடாது. மிகுதியான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உள்ளூர்த் தீவனப் பொருள்கள்

முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருப்பது அவசியம். மக்காச்சோளம், கம்பு, சோளம் ஆகியவை எரிசக்திக்கும், சோயாப் புண்ணாக்கு, சூரியகாந்திப் புண்ணாக்கு ஆகியவை புரதத்துக்கும் பயன்படும். இவற்றோடு தாது உப்பும் வைட்டமின் கலவையும் சேர வேண்டும். ராசிபுரம், ஆத்தூர் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து கிடைக்கும் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து உண்டு. புரதம் மிகக் குறைவு. மலிவு என்று அதையே அதிகம் கலந்தால் முட்டை குறைந்துவிடும்.

நிலக்கடலைப் புண்ணாக்கு வீட்டிலேயே கிடைக்கிறது என்று போடுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஈரம் பட்ட கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். இந்நஞ்சு கல்லீரலைத் தாக்கி முட்டையைக் குறைக்கும். தடுப்பூசியின் பயனையும் கெடுக்கும். பூஞ்சாணம் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் நஞ்சு இருக்கக்கூடும். நன்கு காய்ந்த பொருளையே வாங்கி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பல வாரத் தீவனத்தைச் சேர்த்து வைப்பது கூடாது.

கொட்டகையும் வெளிச்சமும்

ஆழ்கூள முறையில் ஒரு கோழிக்கு 2 சதுர அடி வீதம், நூறு கோழிகளுக்கு 20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள கொட்டகை போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் உள்ளே அடிக்காது. பக்கங்களில் கம்பி வலை அடித்து, தரையில் நெல் உமியோ கடலைத் தோலோ 4 முதல் 6 அங்குலம் பரப்பி, அவ்வப்போது கிளறி உலர்வாக வைத்திருக்க வேண்டும். ஐந்து கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி வைத்தால் முட்டை உடையாமலும் அழுக்காகாமலும் கிடைக்கும்.

கோழி முட்டையிடுவதை வெளிச்சமும் தூண்டுகிறது. நம் பகுதியில் பகல் நேரம் மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியும், ஆனியில் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும். முட்டையிடும் லெகார்ன் கோழிக்கு 16 மணி நேர வெளிச்சம் தேவை. 18ஆம் வாரத்திலிருந்து சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் விளக்கெரித்து 16 மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு குறைக்கக்கூடாது. வளரும் விடைக்கோழிகளுக்கு விளக்கைக் கூட்டினால் உடல் தேறுமுன்பே முட்டைக்கு வந்து, சிறு முட்டையாக இடும்.

பங்குனி, சித்திரை வெயில்

வெப்பம் 32 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். வாயைத் திறந்து இரைக்கும்போது இரத்தத்தின் தன்மை மாறி, ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேர்வது குறைகிறது. கோடையில் முட்டை சிறுத்து, ஓடு மெலிவது இதனால்தான். கூரைமேல் சுண்ணாம்பு அடித்தல், தென்னங்கீற்று பரப்பி நீர் தெளித்தல், அதிகாலையிலும் மாலையிலும் தீவனம் வைத்தல் ஆகியவை கைகொடுக்கும். நூறு கோழிகளுக்குச் சாதாரண நாளில் 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் ஆகும். கோடையில் 40 லிட்டர் வரை குடிக்கும். தண்ணீர்த் தொட்டி வெயிலில் இருக்கக்கூடாது. ஒரு பகல் தண்ணீர் இல்லாமல் போனால் அதன் பாதிப்பு பல நாட்களுக்கு முட்டையில் தெரியும்.

நோய்த் தடுப்பு

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்தால் மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்திலும் 16ஆம் வாரத்திலும் ஊசியும் போட வேண்டும். இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கும், 6 அல்லது 7ஆம் வாரத்தில் அம்மைக்கும் தடுப்பு மருந்து தேவை. அந்தந்த வட்டார நிலைக்கேற்பக் கால்நடை மருத்துவர் தரும் அட்டவணையைப் பின்பற்றுக. ஒரு குப்பி மருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளுக்குக் காணும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால் செலவு குறையும். மருந்தை ஐஸ் வைத்த பாத்திரத்தில் கொண்டுவந்து, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்.

காலைப் பார்த்துக் கழிக்கலாம்

முட்டையிடாத கோழியைக் கண்டுபிடிக்க லெகார்ன் இனத்தில் ஓர் எளிய வழி உண்டு. தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறப் பொருள், விடைக்கோழியின் கால், அலகு, தோல் ஆகியவற்றில் தங்கியிருக்கும். முட்டையிடத் தொடங்கியதும் அது மஞ்சள் கருவுக்குச் செல்கிறது. உடலிலுள்ள நிறம் வெளுக்கத் தொடங்குகிறது. முதலில் முட்டைவாய், பிறகு கண் ஓரம், காது மடல், அலகு, கடைசியாகக் கால்கள் என்ற வரிசையில் வெளுக்கும். கால் முழுவதும் வெளுக்க நான்கைந்து மாதத் தொடர் முட்டையிடுதல் வேண்டும். முட்டை நின்றால் அதே வரிசையில் மஞ்சள் நிறம் திரும்பும்.

எனவே, ஒன்றாகத் தொடங்கிய மந்தையில் ஆறு மாதம் கழித்தும் கால் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் கோழி, பார்வைக்கு அழகாக இருந்தாலும் தீவனத்தைத் தின்று வீணாக்கும் கோழியாகும். சுருங்கி வெளிறிய கொண்டை, உலர்ந்து குறுகிய முட்டைவாய், இடுப்பெலும்பு முனைகளுக்கு இடையே ஒரு விரல்கூட நுழையாத நெருக்கம் ஆகியவையும் சேர்ந்திருந்தால் தயங்காமல் கழித்துவிடலாம். முட்டையிடும் கோழிக்கு அந்த இடத்தில் இரண்டு மூன்று விரல் நுழையும். நூறில் பத்துக் கோழிகள் இவ்வாறு இருந்தால் நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் தீவனம் வீண்.

யாருக்கு ஏற்றது?

தண்ணீரும் மின்சாரமும் தடையின்றிக் கிடைத்து, நாள்தோறும் முட்டை விற்க ஊரோ கடைத்தெருவோ அருகில் இருந்து, வீட்டில் ஒருவர் காலை மாலை கவனிக்கக் கூடுமானால் வெள்ளை லெகார்ன் நல்ல தேர்வு. வைகாசி, ஆனியில் குஞ்சு எடுத்தால் ஐப்பசி, கார்த்திகையில் முட்டை தொடங்கும். புரட்டாசியில் முட்டை தேக்கம் அடையும் காலம் கழிந்து, தேவை கூடும் குளிர்காலத்தில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும்.

களத்திலும் குப்பைமேட்டிலும் மேய்ந்து தானே வளர வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இக்கோழி ஏற்றதன்று. மேய்ச்சலில் கிடைப்பதைக் கொண்டு 300 முட்டைக்கு வேண்டிய சத்து சேராது. அவர்களுக்கு 60, 70 முட்டையே இட்டாலும் தானே இரை தேடி, தானே அடை காத்து, கறிக்கும் நல்ல விலை தரும் நாட்டுக்கோழியே மேல். வெண்ணிற ஓடும் பழுப்பு ஓடும் இனத்தைப் பொறுத்தவையே. ஓட்டின் நிறத்தால் முட்டையின் சத்து கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

முட்டை எண்ணிக்கை, தீவன அளவு, இறந்த கோழி, விற்ற விலை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வந்தால், நட்டம் பெரிதாகுமுன் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குவோர் 50 கோழிகளுக்கு மேல் எடுக்காமல், ஒரு மந்தையை முழுமையாக வளர்த்துப் பார்த்த பிறகு விரிவுபடுத்துவது நலம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும், சேலத்தை அடுத்த சந்தியூரிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ குஞ்சு வாங்குமுன் அணுகி ஆலோசனை பெற்றுப் பயனடையலாம்.